வாங்கு வெறுமையாக இருந்தது
- காரைதீவு எல்லையிலிருந்து ஒரு மறுப்பு -

1

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியானதும் எங்கள் கரையோரத்துப் பிரதான வீதியில் பதாகைகள் முளைத்துவிடும். மருதமுனையில் தொடங்கி அக்கரைப்பற்று வரை மின்கம்பத்துக்கு மின்கம்பம் பிள்ளைகளின் முகங்கள். வைத்தியத்துறைக்கு இத்தனை பேர், பொறியியலுக்கு இத்தனை பேர், 'எமது சமூகத்தின் பெருமைகள்'. சாய்ந்தமருதும் மாளிகைக்காடும் கழிந்து காரைதீவுக்குள் பஸ் நுழைந்ததும் பதாகையிலுள்ள பெயர்கள் மாறும். நிந்தவூரில் மறுபடியும் மாறும். வாசகம் மட்டும் மாறாது. இரண்டு பக்கத்திலும் 'எமது சமூகம்' என்றே எழுதியிருக்கும்.

அப்படியான பாராட்டு விழாவொன்றுக்கு அண்மையில் போயிருந்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் என்பதால் முன்வரிசையில் ஒரு கதிரை தந்தார்கள். பிரதம பேச்சாளர் அரசியல்வாதி. பெயர் அவசியமில்லை. இந்த நாட்டில் கல்வியில் எமது சமூகம் திட்டமிட்டு வஞ்சிக்கப்படுகிறது என்றார். வளங்கள் பெரும்பான்மைக்குப் போகின்றன, எஞ்சுவதைத் தமிழ்த் தரப்பு எடுத்துக்கொள்கிறது, எமக்குக் கிடைப்பது மிச்சம் என்றார். சபை கைதட்டியது. நானும் தட்டினேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கைதட்டல் என்னை உறங்கவிடவில்லை. அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அது பாதிக் கணக்கு. 31 வருடங்கள் கணிதம் படிப்பித்தவன் நான். பாதிக் கணக்குக்கு முழுப் புள்ளி போட்டுப் பழக்கமில்லை. அன்று போட்டுவிட்டேன். அதைத் திரும்பப் பெறவே இதை எழுதுகிறேன்.

2

என் வீடு மாளிகைக்காட்டில். காரைதீவுப் பிரதேச செயலகப் பிரிவுக்குள் வரும் முஸ்லிம் ஊர்கள் இரண்டு: ஒன்று மாளிகைக்காடு, மற்றது சம்மாந்துறை வீதியிலுள்ள மாவடிப்பள்ளி. எங்கள் வளவுக்கும் காரைதீவின் முதல் வளவுக்கும் இடையில் இருப்பது ஓர் ஒழுங்கை. இரு பக்கத்துப் பிள்ளைகளும் பேசுவது ஒரே தமிழ். படிப்பது ஒரே பாடத்திட்டம். எழுதுவது ஒரே வினாத்தாள். அவர்கள் போவது 'தமிழ்ப் பாடசாலை'. நாங்கள் போவது 'முஸ்லிம் பாடசாலை'. அவர்களுக்கு ஒரு தவணை நாட்காட்டி. நோன்பு விடுமுறை வருவதால் எங்களுக்கு வேறொரு நாட்காட்டி.

2010ஆம் ஆண்டு நடந்த ஒன்றைச் சொல்லியாகவேண்டும். யுத்தம் முடிந்து ஒரு வருடம். கரையோரத்துப் பாடசாலையொன்றில் உயர்தர அனுமதிக்கான நேர்முகக் குழுவில் நானும் ஒருவன். ஒழுங்கைக்கு அப்பாலிருந்து ஒரு தகப்பன் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் சாதாரண தரப் பெறுபேற்றுத் தாள். கணிதத்தில் ஏ. விஞ்ஞானத்தில் ஏ.

"சேர், எங்கட பக்கம் இந்தமுறை இணைந்த கணிதத்துக்கு வாத்தியார் இல்லையாம். இங்க ரெண்டு பேர் இருக்காங்க எண்டு சொன்னாங்க. பிள்ளையச் சேர்க்க ஏலுமா?"

எங்களில் ஒருவர் சீருடை பற்றி இழுத்தார். இன்னொருவர் நோன்பு விடுமுறை பற்றிப் பேசினார். நான் என்ன பேசினேன் என்பது ஒரு சொல் பிசகாமல் ஞாபகமிருக்கிறது. "அண்ணன், இடம் நிறைஞ்சி போச்சி. பிள்ளைக்கும் இங்க சரிவராது" என்றேன்.

அந்த வருடம் எங்கள் கணிதப் பிரிவில் 19 பிள்ளைகள். பின்வாங்கு இரண்டு வெறுமையாகவே கிடந்தன. இரண்டு வருடமும் அந்த வெறும் வாங்குகளைப் பார்த்துக்கொண்டுதான் படிப்பித்தேன்.

தகப்பன் கோபப்படவில்லை. "சரி சேர்" என்று தாளை மடித்துக்கொண்டார். மகள் கலைப் பிரிவில் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு என்ன ஆனாள் என்று நான் விசாரிக்கவில்லை. ஒழுங்கையைக் கடந்தால் ஐந்து நிமிட நடை. விசாரிக்கவில்லை.

இதை ஏன் எழுத வேண்டும், சமூகத்தைக் காட்டிக்கொடுப்பதாகாதா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். தனக்கெதிராகவேனும் நீதிக்குச் சாட்சி சொல்லவேண்டும் என்றுதான் எங்கள் எல்லோருக்கும் ஓதித் தந்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைக்குச் செய்தது அநீதி. பெரும்பான்மை இனத்தவர் எவரும் அதைச் செய்யவில்லை. நான் செய்தேன்.

3

இனி எங்களுக்கு நடந்த அநீதிக்கு வருவோம். அதை நான் குறைத்துப் பேசப்போவதில்லை.

1970ஆம் ஆண்டுப் பரீட்சையின் அடிப்படையில் பல்கலைக்கழகத்துக்குப் பிள்ளைகளைத் தெரிவுசெய்தபோது, மருத்துவத்துக்குச் சிங்கள மொழியில் எழுதியவருக்கு 229 புள்ளி போதும் என்றும் தமிழ் மொழியில் எழுதியவருக்கு 250 வேண்டும் என்றும் வைத்தார்கள். பேராதனைப் பொறியியல் பீடத்துக்கு 227, 250. மொழிவாரித் தரப்படுத்தல் என்பது இதுதான். பின்னர் 1974இல் மாவட்டக் கோட்டா வந்தது. தமிழ் இளைஞர்களின் மனத்தில் தரப்படுத்தல் என்ன காயத்தை உண்டாக்கியது என்பது எழுதி எழுதிப் பழகிய வரலாறு.

ஆனால் இந்த வரலாற்றை எங்கள் கரையோரத்தில் இருந்துகொண்டு வாசிப்பவர் மிகச் சிலர். தமிழ்த் தரப்பின் ஏடுகள் இதைத் தமிழர் என்ற ஒற்றைச் சொல்லுக்கு நேர்ந்த அநீதியாகவே எழுதின. அந்த 250ஐத் தமிழ் மொழியில் எழுதிய முஸ்லிம் பிள்ளையும் பெறவேண்டியிருந்தது என்பது அந்த எழுத்தில் பெரும்பாலும் இல்லை. மாவட்டக் கோட்டா மட்டக்களப்பு, அம்பாறை, வன்னிப் பிள்ளைகளுக்கு ஒரு கதவைத் திறந்தது என்பதும் அடிக்குறிப்பாகவே நின்றது.

எங்கள் தரப்பு ஏடுகளோ இன்னொரு பாதியை எழுதின. அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் பதியுதீன் மஹ்மூத். அவருடைய காலத்தில் முஸ்லிம் பாடசாலைகளும் முஸ்லிம் ஆசிரியர்களும் பெருகினார்கள். நன்றி சொல்லவேண்டியதுதான். அந்த நன்றிக்குள் நாம் ஒரு கேள்வியை ஒளித்து வைத்தோம். எங்களோடு ஒரே மொழியில் பரீட்சை எழுதிய அயல் வீட்டுப் பிள்ளையின் புள்ளியில் கைவைக்கப்பட்டபோது நாம் எங்கே நின்றோம்? அந்தக் காலத்து எங்கள் மேடைகளில் இதைக் கேட்டவர் எவரையும் எனக்குத் தெரியாது.

ஆக, இரு தரப்பும் அநீதியைத் தம் வேலிக்குள் நின்றே அளந்தோம். வேலிக்கு வெளியே விழுந்ததை எவரும் எண்ணவில்லை.

4

கோட்டாவின் இன்றைய கதை என்ன? கலைத்துறை தவிர்ந்த பெரும்பாலான துறைகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில். 55 வீதம் மாவட்ட சனத்தொகை அடிப்படையில். எஞ்சிய 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை எனக் கணிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. அந்த 16இல் அம்பாறையும் ஒன்று. பதாகையில் முகம் காட்டும் எங்கள் பிள்ளைகளில் பலர் இந்த 55க்கும் 5க்கும் கடன்பட்டவர்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சமனற்ற தரையில் ஓடும் பிள்ளைகளுக்கு ஒரே கோட்டில் ஓட்டம் தொடங்குவது நீதியல்ல என்ற கொள்கையின் பலன் அது.

அதே கொள்கையை மாவட்டத்துக்குள்ளே திருப்பினால்தான் எங்கள் முகம் கறுக்கிறது.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அம்பாறை மாவட்டத்தில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 43 வீதம், சிங்களவர் 39 வீதம், தமிழர் 17 வீதம். கல்வி வலயங்கள் ஏழு: அம்பாறை, தெஹியத்தகண்டிய, மகாஓயா, கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கண்ணுக்கு இந்த ஏழும் ஒன்று. மாவட்டம் பின்தங்கியது என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறது. ஆனால் கல்முனை நகரத்தில் வைத்தியருக்கும் வங்கி முகாமையாளருக்கும் பிறந்து, மாலையில் மூன்று ரியூசன் வகுப்புக்கு மோட்டார் சைக்கிளில் போகும் பிள்ளையும், பொத்துவிலில் கணித ஆசிரியருக்காகக் காத்திருக்கும் பிள்ளையும் ஒரே பின்தங்கல்தானா? மகாஓயாவின் சேனைக்காரச் சிங்களக் குடும்பத்துப் பிள்ளையும், திருக்கோவிலுக்குத் தெற்கே கடலோரத்துத் தமிழ்ப் பிள்ளையும், இறக்காமத்து வயல்கூலியின் பிள்ளையும் அந்த 55 வீதத்தில் எத்தனை பேர்? பின்தங்கிய மாவட்டத்தின் பெயரில் வரும் இடங்களை மாவட்டத்தில் முந்தியவன் எடுத்துக்கொள்கிறான். அந்த முந்தியவன் பெரும்பாலும் நாங்கள்.

பொத்துவில் தூரக் கதை என்று நினைக்கவேண்டாம். எங்கள் சொந்த ஊர்களின் பட்டதாரி ஆசிரியர்கள் அங்கே நியமனம் பெற்று, கஷ்டப் பிரதேசச் சேவை முடியுமுன்னமே எம்.பி.யின் கடிதத்தோடு கல்முனைப் பக்கம் இடமாற்றம் எடுத்து வந்த கதைகள் எத்தனை? அந்தக் கடிதத்தை வாங்கிக் கொடுத்த கைகளில் பாராட்டு விழா நடத்தும் கைகளும் உண்டு. பொத்துவில் பிள்ளையும் கலிமாச் சொன்ன பிள்ளைதான். ஆக, இது இனப் பற்று என்றுகூடச் சொல்ல முடியாது. வேலி எழுப்பப் பழகியவன் கடைசியில் தன் வீட்டுக்குள்ளேயே வேலி எழுப்புகிறான்.

கல்முனை வலயத்தின் கோட்டங்களைப் பாருங்கள்: கல்முனை, கல்முனைத் தமிழ், சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர். ஒரே நகரத்தில் ஒரு கோட்டத்துக்கு ஊரின் பெயர், இன்னொரு கோட்டத்துக்கு ஊரோடு இனத்தின் பெயர். பிரதேச செயலகத்துக்காக 2019 ஜூனில் கல்முனையில் உண்ணாவிரதம் இருந்தார்கள். அதற்கு எதிராக இன்னொரு பந்தல் போட்டார்கள். அந்தப் பந்தல்கள் எதிலும் எந்தப் பாடசாலையில் பௌதிகவியல் ஆசிரியர் இல்லை என்ற பட்டியல் தொங்கவில்லை.

இந்தியாவில் 2005இல் நீதிபதி ராஜிந்தர் சச்சார் தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். அடுத்த ஆண்டே அறிக்கை வந்தது. முஸ்லிம்களைத் தாஜா பண்ணுகிறார்கள் என்று ஒரு பக்கமும், முஸ்லிம்கள் ஒதுக்கப்படுகிறார்கள் என்று மறுபக்கமும் காலங்காலமாய்க் கூச்சலிட்டுக்கொண்டிருந்த இடத்தில் அந்த அறிக்கை எண்களை வைத்தது. 2001இன் கணக்குப்படி நாட்டின் எழுத்தறிவு 65.1 வீதம், முஸ்லிம்களுடையது 59.1 வீதம் என்று சொன்னது. மாநிலம் மாநிலமாய், ஆண் பெண்ணாய்ப் பிரித்துச் சொன்னது. அதற்குப் பிறகு அங்கே எவரும் வெறும் தொண்டையை வைத்து வாதாட முடியவில்லை. எங்கள் மேடைகளில் எத்தனையோ கோரிக்கைகளைக் கேட்டிருக்கிறேன். பாடசாலை வாரியாக எங்களை எண்ணுங்கள், எண்ணியதைப் பகிரங்கமாக ஒட்டுங்கள் என்று எவரும் கேட்டு நான் கேட்டதில்லை. எண்ணினால் எங்களுடைய கணக்கும் வெளியே வரும் என்ற பயமோ என்னவோ.

5

'அப்படியானால் முஸ்லிம் பாடசாலைகளை மூடிவிடலாமா?' இந்தக் கேள்வி எங்கே வரும் என்று எனக்குத் தெரியும். தனித்துவம் பேசும் நண்பர்கள் உடனே கேட்பார்கள். ஒன்றிணைந்த தமிழ்ப் பாடசாலை என்று பேசும் தமிழ் நண்பர்கள் சிலர் ஆவலோடு காத்திருப்பார்கள். இரு சாராருக்கும் என் பதில்: மூடக்கூடாது.

காரணம் சொல்கிறேன். 1942இல் யுத்தகால உணவு நெருக்கடியின்போது கல்முனையில் அவசரகாலக் கச்சேரி திறக்க உதவி அரசாங்க அதிபராக வந்தவர் ஏ.எம்.ஏ. அஸீஸ். சிவில் சேவைக்குள் நுழைந்த முதல் முஸ்லிம். நெல் விளைவிக்க வந்தவர் எங்கள் பிள்ளைகளின் கல்வி தரிசாகக் கிடந்ததைக் கண்டார். அதே வருடம் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் தொடங்கியது. அந்த அனுபவத்திலிருந்தே 1945இல் முஸ்லிம் பிள்ளைகளுக்கான புலமைப்பரிசில் நிதியமும் பிறந்தது. எங்கள் தாய்மார் தலைமுறையில் எத்தனை பேர் கையெழுத்துப் போடுவார்கள், எங்கள் மகள்மார் தலைமுறையில் எத்தனை பேர் பட்டதாரிகள் என்று எண்ணிப் பாருங்கள். தகப்பன்மார் தயக்கமின்றி மகளை அனுப்பக்கூடிய ஒரு பாடசாலை ஊருக்குள் இருந்ததால் நடந்தது அது.

பயமும் பொய்யல்ல. 1985 ஏப்ரலில் காரைதீவில் வீடுகள் எரிந்தன. எரித்த கூட்டத்தில் எங்கள் பக்கத்தவரும் இருந்தார்கள். 1990 ஓகஸ்டில் காத்தான்குடியில் தொழுகையில் நின்றவர்களைப் புலிகள் கொன்றார்கள். ஒக்டோபரில் வடக்கிலிருந்து முழுச் சமூகத்தையே துரத்தினார்கள். வந்தாறுமூலைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போக முடியாத பிள்ளைகளுக்காகவே 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி உருவானது. அடுத்த ஆண்டு அது பல்கலைக்கழகமாயிற்று. இவ்வளவும் நடந்த மண்ணில் 'எல்லோரும் ஒன்றாகப் படியுங்கள்' என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் நம்பிக்கை முளைத்துவிடாது.

அமெரிக்கக் கறுப்பினத்தவர்கள் இந்த விவாதத்தை எங்களுக்கு முன்னரே நடத்திமுடித்திருக்கிறார்கள். 1935இல் டபிள்யூ.ஈ.பி. டுபோய்ஸ் கறுப்பினப் பிள்ளைக்குத் தனிப் பாடசாலை தேவையா என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். தனியா கலப்பா என்பதல்ல முதற் கேள்வி, பிள்ளைக்குக் கல்வி கிடைக்கிறதா என்பதே கேள்வி என்பது அவர் வாதத்தின் சாரம். வெறுப்போடு நடத்தும் ஆசிரியரிடம் கலந்திருப்பதைவிட அன்போடு நடத்தும் ஆசிரியரிடம் தனித்திருப்பது மேல் என்ற பக்கம் அவர் சாய்ந்தார். 1954இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பிரவுண் வழக்கில், பிரித்துவைத்த பாடசாலை சமமான பாடசாலையாக இருக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. இரண்டும் உண்மை. தீர்ப்புக்குப் பிறகு தென் மாநிலங்களில் பாடசாலைகளை இணைத்தபோது மூடப்பட்டவை பெரும்பாலும் கறுப்பினப் பாடசாலைகள். வேலை இழந்த கறுப்பின ஆசிரியர்கள் பல்லாயிரம். இணைப்பு என்ற நல்ல சொல்லுக்குள் பெரியது சின்னதை விழுங்கும் வாய் ஒன்று இருக்கிறது. அதனால்தான் மூடாதே என்கிறேன்.

ஆனால் மூடாதே என்பது வேறு, பூட்டு என்பது வேறு. அஸீஸை மேற்கோள் காட்டும் எங்கள் அறிஞர்கள் ஒரு விடயத்தை அழுத்திச் சொல்வதில்லை. வண்ணார்பண்ணையில் பிறந்த அந்த மனிதர் படித்தது வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும். கல்முனையில் முஸ்லிம்களின் கல்வி பற்றி அவர் கனவு கண்ட நாட்களில் அவரோடு பேசி ஊக்கம் கொடுத்தவர்களுள் ஒருவர் இந்தக் காரைதீவு மண்ணில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர். எங்கள் கல்வி மறுமலர்ச்சியின் வேரில் ஒரு சைவப் பாடசாலையின் வாங்கும் ஒரு சைவத் துறவியின் சொல்லும் இருக்கின்றன. இந்துக் கல்லூரியின் அதிபர் அன்று அந்த முஸ்லிம் சிறுவனிடம் "தம்பி, இங்க சரிவராது" என்று சொல்லியிருந்தால்? 2010இல் நான் சொன்னதைத்தான் சொல்லியிருப்பார்.

நானும் அப்படித்தான் உருவானேன். எனக்குத் தமிழ் இலக்கணம் சொல்லித் தந்தவர் காரைதீவிலிருந்து சைக்கிளில் எங்கள் முஸ்லிம் பாடசாலைக்கு வந்த ஒரு வாத்தியார். நெற்றியில் திருநீறு. லுஹருக்கு வாங்கு சொன்னால் பேச்சை நிறுத்திக் காத்திருப்பார். அவர் திருநீற்றை எவரும் அழிக்கச் சொன்னதில்லை.

இப்போது அபாயா விவகாரத்துக்கு வருகிறேன். 2018 ஏப்ரலில் திருகோணமலை ஸ்ரீ சண்முகா இந்து மகளிர் கல்லூரி வாசலில், முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வரக்கூடாது என்று ஆர்ப்பாட்டம் செய்தார்கள். மனித உரிமைகள் ஆணைக்குழு ஆசிரியைகளின் பக்கம் நின்றது. 2022 பெப்ரவரியில் ஆசிரியை ஒருவர் மறுபடி கடமை ஏற்கப் போனபோதும் அங்கே குழப்பம். 2024இல் திருகோணமலையில் 70 முஸ்லிம் மாணவிகளின் உயர்தரப் பெறுபேற்றைக் காதை மறைத்துப் பரீட்சை எழுதினார்கள் என்று நிறுத்திவைத்தார்கள். இவை அநீதி. அன்று எழுதியவர்கள், வழக்காடியவர்கள் எல்லோருக்கும் நான் கடமைப்பட்டவன். ஓர் ஆசிரியையின் உடை அவளுடைய பாடத்துக்குத் தடையல்ல.

அதே வாக்கியத்தை எங்கள் வாசலிலும் எழுதி ஒட்டத் தயாரா? நான் கடமையாற்றிய பாடசாலையொன்றுக்கு ஒரு தமிழ் ஆசிரியை இடமாற்றம் பெற்று வந்தார். முதல் வாரம் பொட்டோடு வந்தார். இரண்டாம் மாதம் பொட்டில்லை. மூன்றாம் மாதம் சேலைத் தலைப்பு தலைக்கு ஏறிவிட்டது. எவரும் உத்தரவிடவில்லை. 'தேவையில்லை மிஸ், நீங்கள் நீங்களாகவே வாருங்கள்' என்றும் எவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஒரு வருடத்தில் இடமாற்றம் கேட்டுப் போய்விட்டார். உயிரியல் படிப்பித்தவர். அடுத்த இரண்டு வருடம் எங்கள் பிள்ளைகளுக்கு உயிரியல் ஆசிரியர் இல்லை. நட்டம் யாருக்கு?

6

இந்த வேலியெல்லாம் உண்மையில் நம்பிக்கையின் பாற்பட்டதா என்று சோதிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. பிற்பகல் மூன்று மணிக்குக் கல்முனை ரியூசன் நிலையங்களின் வாசலில் போய் நில்லுங்கள். காரைதீவுப் பிள்ளையும் சாய்ந்தமருதுப் பிள்ளையும் பாண்டிருப்புப் பிள்ளையும் ஒரே வாங்கில் நெருங்கியிருந்து பௌதிகவியல் படிக்கிறார்கள். பர்தா ஒரு பக்கம், பொட்டு ஒரு பக்கம். 'எங்கட பிள்ளைக்கு எங்கட பாடசாலைதான்' என்று காலையில் பிடிவாதம் பிடித்த வாப்பா, மாலையில் தமிழ் மாஸ்டரின் வகுப்பில் முன்வாங்கு கிடைக்கச் சிபாரிசு தேடுகிறார். தமிழ்த் தகப்பனும் அப்படித்தான், முஸ்லிம் சேரின் இரசாயனவியல் வகுப்புக்கு முற்பணம் கட்டுகிறார். கலாசாரம் கெட்டுப்போவதாக எவரும் முறையிடவில்லை.

காசு கொடுத்துப் படிக்கும் இடத்தில் இனம் குறுக்கே வரவில்லை. 1945இல் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வியின் வாசலில்தான் இனம் காவலுக்கு நிற்கிறது. அப்படியானால் அந்த வேலியில் அடிபடுவது யார்? ரியூசனுக்குக் காசில்லாத பிள்ளை. ஒழுங்கைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்.

ஆகவே என் கோரிக்கைகளைச் சொல்லி முடிக்கிறேன். முதலாவது, வலயக் கல்வி அலுவலகத்தின் வாசலில் ஒரு பலகை. ஒவ்வொரு பாடசாலைக்கும் அனுமதிக்கப்பட்ட பாட ஆசிரியர் எத்தனை, இருப்பவர் எத்தனை, சாதாரண தரக் கணிதத்தில் சித்தியடைந்த ஆண் எத்தனை, பெண் எத்தனை. தமிழ், முஸ்லிம், சிங்களம் எல்லாம் ஒரே பட்டியலில். இதை அரசியல்வாதி கேட்கமாட்டார். ஆசிரியர் சங்கங்களும் பெற்றோரும் எழுதும் நாமும்தான் கேட்கவேண்டும்.

இரண்டாவது, உயர்தர விஞ்ஞான, கணித, தொழினுட்பப் பிரிவுகளில் ஒரு பாடசாலையில் ஆசிரியர் இல்லையென்றால், அருகிலுள்ள எந்தப் பாடசாலையில் இருக்கிறாரோ அங்கே அந்தப் பிள்ளைக்கு இடம். அந்த இடம் தயவாக இருக்கக்கூடாது, உரிமையாக இருக்கவேண்டும். நோன்பு விடுமுறையில் அந்தப் பிள்ளைக்கு என்ன பாடம் என்பதை இரண்டு அதிபர்கள் ஒரு மேசையில் இருந்து பேசினால் அரை மணி நேரத்தில் தீரும்.

மூன்றாவது, உடை. அபாயாவும் பர்தாவும் பொட்டும் திருநீறும் எந்தப் பாடசாலை வாசலிலும் கேள்விக்குரியவை அல்ல என்று ஒரு வரி. இரு தரப்புப் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும் கையொப்பமிட்டு மாட்டட்டும். நாங்கள் முதலில் மாட்டிவிட்டுத் திருகோணமலையிடம் கேட்போம். அப்போது எங்கள் குரலுக்குப் பலம் வரும்.

நான்காவது, எங்கள் ஊர் நிதியங்கள். ஸக்காத்துக்குரிய சட்டம் வேறு, அதைப் பற்றி நான் பேசவில்லை. ஸதக்காவாகச் சேரும் கல்வி நிதியில் அயல் ஊரின் ஏழைப் பிள்ளைக்கும் ஒரு பங்கு ஒதுக்குவதை எது தடுக்கிறது? 2004 டிசம்பர் 26 காலையில் காரைதீவையும் மாளிகைக்காட்டையும் சாய்ந்தமருதையும் கடல் ஒன்றாகத்தான் அள்ளியது. அன்று பின்னேரம் பாடசாலைக் கட்டடங்களுக்குள் ஓடி ஏறியவர்களிடம் எவரும் இனம் கேட்கவில்லை. சோற்றுப் பார்சலும் அப்படித்தான் பங்கிடப்பட்டது. ஒரு கிழமை கழித்துத்தான் அகதி முகாமுக்கும் இனப் பெயர் வந்தது.

இந்தக் கட்டுரைக்கு மறுப்பு எழுத விரும்புவோர் தாராளமாக எழுதட்டும். தமிழ்த் தரப்பில் இதைவிட மோசம் நடக்கிறது என்று எழுதுவார்கள். நடக்கிறது, எனக்கும் தெரியும். அதைத் தமிழ் நண்பர்கள் தங்கள் ஏடுகளில் எழுதவேண்டும். நான் என் பக்கத்தை எழுதியிருக்கிறேன். மறுப்பு எழுதுமுன் ஒரேயொரு வேலை செய்துவிட்டு எழுதுங்கள். உங்கள் ஊர்ப் பாடசாலையின் உயர்தர விஞ்ஞான வகுப்புக்குப் போய்ப் பின்வாங்கில் எத்தனை இடம் வெறுமையாக இருக்கிறது என்று எண்ணுங்கள். பிறகு ஒழுங்கையைக் கடந்து போய், அந்தப் பாடத்துக்கு வாத்தியார் இல்லாத பிள்ளைகள் எத்தனை பேர் என்று விசாரியுங்கள். இரண்டு எண்களையும் கட்டுரையின் தலைப்பில் போட்டு அனுப்புங்கள்.

நானும் விசாரிக்கப் போகிறேன். எனக்கு அங்கே ஒரு முகவரி பாக்கி இருக்கிறது.